பழக்கமா, எண்ணச் சுழற்சி நோயா? வீட்டில் இருப்பவர்கள் பிரித்தறியும் முறை

பேனாக்களை நிறவாரியாக அடுக்கி வைப்பவர் ‘எனக்கு ஓசிடி’ என்று சிரித்துக்கொண்டே சொல்வதும், ஓசிடி எனப்படும் அந்த எண்ணச் சுழற்சி நோயால் உண்மையிலேயே அவதிப்படுபவர் அதைச் சுத்தபத்தம் என்ற பெயரில் ஆண்டுக்கணக்காக மறைத்து வைப்பதும் கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒரே தெருவில் காணக்கூடியவைதாம். முதலாமவருக்கு எந்த வைத்தியமும் தேவையில்லை. இரண்டாமவருக்குத் தேவையான வைத்தியமோ பெரும்பாலும் மிகத் தாமதமாகவே கிடைக்கிறது. இருவரையும் பிரித்தறிய நாம் வழக்கமாகக் கேட்பது, ‘அவர் என்ன செய்கிறார்?’ என்ற கேள்வி. அதனால் பயன் குறைவு. பூட்டை இழுத்துப் பார்ப்பது, கை கழுவுவது, எண்ணுவது, அடுக்குவது எல்லாமே இரு தரப்பிலும் உண்டு. செய்யாமல் விட்டால் அவருக்கு என்ன ஆகிறது, அவருக்காக வீட்டில் மற்றவர்கள் எதையெல்லாம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்ற இரண்டையும் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

எண்ணச் சுழற்சி நோய்க்கு இரண்டு பாகங்கள் உண்டு. வேண்டாம் என்று தள்ளினாலும் திரும்பத் திரும்ப மனத்துக்குள் நுழையும் எண்ணமோ, காட்சியோ, உந்துதலோ முதல் பாகம். அது கிளப்பும் பதற்றத்தைத் தணிப்பதற்காகச் செய்தே தீரவேண்டியதாகிவிடும் செயல் இரண்டாம் பாகம். அந்தச் செயல் வெளியே தெரியவேண்டும் என்பதில்லை. மனத்துக்குள்ளேயே ஒரு மந்திரத்தைக் குறித்த எண்ணிக்கையில் சொல்லி முடிப்பதும் அதுதான்; வண்டி ஓட்டிக்கொண்டே, ‘நான் யாரையும் இடித்துவிடவில்லையே’ என்று பின்னால் அமர்ந்திருக்கும் மனைவியிடம் ஓயாமல் கேட்பதும் அதுதான். செய்து முடித்ததும் சற்று நிம்மதி கிடைக்கிறது. ஆனால் கொசுக்கடியைச் சொறிந்தாற்போல, அந்த நிம்மதியே அடுத்த அரிப்பை வளர்த்துவிடுகிறது.

விபரீதமான எண்ணம் வருவது மட்டுமே நோயாகாது. உளவியலாளர்கள் ஸ்டான்லி ராக்மன், பத்மல் டி சில்வா ஆகிய இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், மனநோய் எதுவும் இல்லாதவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு இத்தகைய எண்ணங்கள் வருவது தெரியவந்தது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பாறைகளின் ஓரம் நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவரைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணம் தோன்றினால், பெரும்பாலோர் ‘சீ, இது என்ன புத்தி’ என்று தலையை உதறிவிட்டுச் சுண்டல் வாங்கப் போய்விடுவார்கள். நோய் உள்ளவரால் அப்படிப் போக முடியாது. தோன்றிய காரணத்தாலேயே தாம் கொலைகாரரோ என்று தம்மை விசாரிக்கத் தொடங்குவார். அடுத்த வாரம் குடும்பத்தினர் கடற்கரைக்குக் கூப்பிட்டால் தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவார்.

நிறுத்திப் பார்த்தால் என்ன ஆகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்பும் ஒருவர், சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினோமா என்ற ஐயத்தில் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்த்துவிட்டு, மூடித்தான் இருக்கிறது என்று பேருந்து ஏறினால் அது பழக்கம், நல்ல பழக்கமும்கூட. இன்னொருவர் குமிழைத் தொட்டுப் பார்க்கிறார். கையை எடுத்ததும், எடுக்கும்போதே திருப்பிவிட்டோமோ என்று தோன்றுகிறது. மறுபடி தொடுகிறார். முகர்ந்து பார்க்கிறார். செல்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார். பேருந்து தவளக்குப்பத்தை நெருங்கும்போது, அந்தப் படம் இன்று எடுத்ததா நேற்று எடுத்ததா என்ற ஐயம் கிளம்ப, இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்று கடலூர்ப் பேருந்துக்குக் காத்திருக்கிறார். பார்த்தவுடன் ஐயம் தீர்கிறதா, பார்க்கப் பார்க்க வளர்கிறதா என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் மார்செல் வான் டென் ஹௌட், மெரல் கின்ட் ஆகியோர் 2003இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. நோயற்றவர்களையே கணினித் திரையில் ஓர் எரிவாயு அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் செய்தபோது, அவர்களது நினைவின் துல்லியம் குறையவில்லை. தங்கள் நினைவின் மீது அவர்களுக்கு இருந்த நம்பிக்கைதான் குறைந்தது. ஆகவே, ‘நன்றாக இன்னொரு முறை பார்த்துவிட்டு வா’ என்று அன்போடு சொல்லும் அறிவுரை, நோய் உள்ளவருக்கு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதாகவே முடியும்.

அச்சம் மட்டுமே காரணமாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. மார்கழியில் வாசலை அடைத்துப் புள்ளிக் கோலம் போடுகிறவர், வரிசை பிசகினால் அழித்துவிட்டு மறுபடி போடுவார். தெருவே நின்று பார்க்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு. அதே தெருவில் வேறொருவரின் கோலத்தில் நமக்குப் பிழை எதுவும் தெரியாது. ஆனால் இழைகள் சேரும் ஓர் இடம் ‘சரியாக உட்காரவில்லை’ என்ற உணர்வு அவரை விடாது. அப்படியே விட்டுவிட்டால் கணவருக்கு வண்டியில் ஏதாவது நேர்ந்துவிடும் என்றுகூடச் சில நாள் தோன்றும். கோலத்துக்கும் வண்டிக்கும் தொடர்பில்லை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும், பால்காரர் வந்து போன பிறகும், ஈரத்துணியோடு அந்த ஓர் இழையை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருப்பார். முதலாமவரை நடுவில் எழுப்பிவிட்டால் முணுமுணுத்துவிட்டு மறந்துவிடுவார். இரண்டாமவருக்கு அன்றைய சமையல், பேச்சு, உறக்கம் எதிலும் மனம் ஒட்டாது.

நேரக் கணக்கும் உதவும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இவ்வகை எண்ணங்களிலும் செயல்களிலும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிவதை எடுத்துக்காட்டான அளவாகச் சொல்கிறது. நேரம் அதைவிடக் குறைவாக இருந்தாலும், வேலையோ படிப்போ உறவோ கெடும் அளவுக்குத் துன்பம் இருந்தால் அதுவும் நோயாகவே கொள்ளப்படும். கணக்கிடும்போது மனத்துக்குள் ஓடும் நேரத்தையும் சேர்க்கவேண்டும். சும்மா உட்கார்ந்திருப்பதாக நாம் நினைக்கும் மாணவன், உள்ளுக்குள் ஒரே வரியை 16ஆம் முறையாக எண்ணிக்கொண்டிருக்கக்கூடும்.

மடி, விரதம், புயல்

நம் வீடுகளில் இந்த நோய் ஒளிந்துகொள்ளத் தோதான இடம் ஆசாரம். இதனால் ஆசாரம் உள்ளவர்களையெல்லாம் நோயாளிகள் என்று சொல்லிவிடுவதும் தவறு, ‘பக்தி அதிகம்’ என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவதும் தவறு. அந்த ஆசாரத்தைக் கற்றுக்கொடுத்தவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துக்க வீட்டுக்குப் போய்வந்த பாட்டி ஒரு முறை தலைக்கு ஊற்றிக்கொண்டு விளக்கேற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார். பேத்திக்கு நான்கு குளியல் போதவில்லை, குழாயைத் தொட்ட கை தீட்டாகிவிட்டது என்று குழாயையும் கழுவுகிறாள் என்றால், சாத்திரம் கேட்பதைவிட அதிகமாக வேறு ஏதோ ஒன்று அவளிடம் கேட்கிறது. விரதத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. மாலையைக் கழற்றியதும் ஐயப்ப பக்தர் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறார். சாமி படத்தைப் பார்த்ததும் ஆபாசமான எண்ணம் வருவதால் பூசையறைக்குள்ளேயே போகாதவர்களும், பரிகாரமாக ஒவ்வொரு நாமத்தையும் முதலிலிருந்து சொல்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் வெட்கத்தால் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்பதால், ‘இப்படிப்பட்ட எண்ணம் பலருக்கும் வரும்’ என்று நீங்களே முதலில் சொல்லித் தொடங்குவது நல்லது.

உண்மையான ஆபத்திலிருந்து வந்த எச்சரிக்கையையும் நோயோடு குழப்பக்கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை அனுபவித்தவர், வடகிழக்குப் பருவமழையில் இரவுதோறும் வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டு, கூரையைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டுப் படுத்தால் அது விவேகம். பொங்கல் வந்தால் அந்தக் கயிறு அவிழ்ந்துவிடும். சித்திரை வெயிலிலும் அவிழாவிட்டால் யோசிக்கலாம்.

வீட்டைப் பாருங்கள்

என் கருத்தில், சம்பந்தப்பட்டவரைவிட அவரைச் சுற்றியுள்ள வீட்டைக் கவனிப்பதே விரைவில் விடை தரும். வெறும் பழக்கத்துக்காகக் குடும்பம் தன் நடைமுறையை மாற்றிக்கொள்வதில்லை. கேலி செய்யும், அவ்வளவுதான். நோயாக இருந்தால், யாரும் தீர்மானிக்காமலேயே வீடு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துவிடும். பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கி வந்தவர் கூடத்துக்கு வராமல் கொல்லைப்புறமாகப் போய்க் குளித்துவிட்டு வருகிறார். ஒரு நாற்காலியில் மட்டும் எவரும் உட்காருவதில்லை. ஏன் என்று கேட்டால் பிள்ளைகளுக்கே காரணம் தெரியவில்லை. மளிகைச் சீட்டில் சோப்பும் டெட்டாலும் ஏறிக்கொண்டே போகின்றன. மோட்டார் ஒரு நாளில் கூடுதலாக ஓடுகிறது. ‘கதவு பூட்டியாச்சா?’ என்ற கேள்விக்கு, ‘பூட்டியாச்சும்மா’ என்ற பதிலை அப்பா ஒரே தொனியில், ஒரே சொற்களில் சொல்லவேண்டியிருக்கிறது. சொல் மாறினால் மறுபடி முதலிலிருந்து. உறவினர்களை வீட்டுக்கு அழைப்பது நின்றுவிட்டது. கழுவுபவரின் கையைப் பிடித்துப் பாருங்கள்: விரல் முட்டிகளில் தோல் வெளுத்து, வறண்டு, சில இடங்களில் வெடித்திருக்கும்.

இவற்றில் இரண்டு மூன்று உங்கள் வீட்டில் இருந்தால், அது பழக்கமா என்று வாதாடிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே மேல்.

தவறாகவே புரிந்துகொள்ளப்படும் இருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். எல்லாம் தம் ஒழுங்குப்படியே நடக்கவேண்டும் என்று வீட்டையே அதட்டும் ஓய்வுபெற்ற பெரியவருக்குத் தம் ஒழுங்கில் பெருமைதான், வேதனை இல்லை. அது பெரும்பாலும் குணம், அல்லது வேறு வகைப்பட்ட ஆளுமைச் சிக்கல். மற்றவர், தாய்வீட்டில் இருக்கும் பிள்ளை பெற்றவள். குழந்தையை நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்து, அரிவாள்மனையை ஒளித்து வைக்கச் சொல்லி, குழந்தையோடு தனியே இருக்கப் பயப்படுகிறாள். எண்ணத்தைக் கண்டு நடுங்கி விலகுவது எண்ணச் சுழற்சி நோயின் இயல்பு. அவளைக் குற்றவாளியாகவோ காற்றுக் கருப்பு பட்டவளாகவோ பார்ப்பது கொடுமை. அதற்கு மாறாக, அந்த எண்ணம் சரி என்றே அவள் நம்பினாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, நாள்கணக்கில் உறங்காமல் பிதற்றினாலோ அது வேறு நோய், அவசர நிலை. தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

மருத்துவரிடம் போகும் முன்னும் பின்னும்

ஒரு வாரம் குறிப்பெடுங்கள்: என்ன எண்ணம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், செய்யாமல் இருக்க முயன்றபோது என்ன ஆயிற்று, வீட்டில் யார் உதவினார். இதைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிந்தே செய்யுங்கள். உளவு பார்த்ததாகத் தோன்றினால் பேச்சே நின்றுவிடும். யேல்-பிரவுன் அளவுகோல் என்ற 10 கேள்விகள் கொண்ட, 0 முதல் 40 வரை மதிப்பெண் தரும் கருவி மருத்துவர்களிடம் உண்டு; வீட்டிலேயே மதிப்பெண் போட்டுத் தீர்ப்பு எழுதுவதைவிட உங்கள் குறிப்பை அவர்களிடம் கொடுப்பது பயன் தரும். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரிலும், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்குபவர்கள், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

சிகிச்சை இரு வழிகளில் நடக்கும். அஞ்சும் பொருளையோ சூழலையோ படிப்படியாக எதிர்கொண்டு, வழக்கமான செயலைச் செய்யாமல் பதற்றம் தானே தணியும்வரை இருக்கப் பழகுவது ஒன்று. உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் வெளியிட்ட சிகிச்சை அனுபவத்திலிருந்து வளர்ந்த முறை இது. புளுவாக்சடின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் மற்றொன்று. குடும்பம் இத்தனை நாள் செய்துவந்த உதவிகளை ஒரே நாளில் நிறுத்தினால் வீடு போர்க்களமாகிவிடும் என்பதால், எதை எப்போது குறைப்பது என்பதை நோயாளியையும் வைத்துக்கொண்டு சிகிச்சையாளரிடம் பேசி முடிவு செய்யவேண்டும், ‘பூட்டியாச்சா?’ என்ற கேள்விக்கு ஒரே முறை பதில் சொல்வது என்ற அளவில் தொடங்கலாம். மாத்திரையின் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள்கூட ஆகும். மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவும் தேவைப்படலாம். ஆகவே மூன்றாம் வாரத்தில் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று நீங்களாக நிறுத்திவிடாமல், வயிற்றுக் குமட்டல், தூக்கக் குறைவு போன்ற தொந்தரவுகள் இருந்தால் அவற்றையும் அதே குறிப்பேட்டில் எழுதி அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.