மரத்தக்காளியைச் சமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மரத்தக்காளி குவிந்து கிடக்கும் நாட்களில் அதை வாங்காமல் வருவது கடினம். முட்டை வடிவம், கருஞ்சிவப்பு நிறம், மினுமினுக்கும் தோல். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் பிறந்து நம் மலைக் குளிரில் நன்றாக வேரூன்றிவிட்ட பழம் இது. ஆசையாக அரைக் கிலோ வாங்கிப் போகிறார்கள். அப்படியே நறுக்கிச் சாம்பாரில் போடுகிறார்கள். வீட்டில் ஒருவரும் தொடுவதில்லை, பழி பழத்தின்மேல் விழுகிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பழத்தைத் தனியாக ருசித்துப் பார்க்காமல் குழம்பில் இறக்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் வருகின்றன.

சமைப்பதற்கு முன் ஒரே ஒரு பழத்தை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். தோலை ஒட்டி இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த கெட்டியான சதை, நடுவில் விதைகளைச் சுற்றி ஊதா நிறத்தில் வழவழப்பான கூழ். கரண்டி நுனியால் கூழை எடுத்து வாயில் வைத்தால் புளிப்போடு இனிப்பும் தெரியும். தோல் பக்கம் போகப் போகத் துவர்ப்பு ஏறும். தோலைக் கடித்தால் கசப்பு. ஆக, சாம்பாரைக் கெடுத்தது பழமல்ல, தோல்.

தோலை நீக்குவது எளிது. பழத்தின் நுனியில் கத்தியால் சிலுவைக் கீறல் போட்டு, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் விட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டால் கையாலேயே உரிந்து வரும். அடுப்புத் தணலில் சுட்டும் உரிக்கலாம். நேபாளத்தில் இப்படிச் சுட்டுத்தான் இதில் துவையல் அரைக்கிறார்கள். பச்சை மிளகாயும் பூண்டும் உப்பும் சேர்த்து அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கினால் இட்லிக்கு இதைவிட நல்ல துணை இல்லை என்பது என் கட்டாயமான கருத்து. மரப்பலகையில் வைத்து மட்டும் நறுக்காதீர்கள், அந்த ஊதாச் சாற்றின் கறை லேசில் போகாது.

பச்சை ஓடும் காயை வாங்கிக் கூட்டு வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். இது கத்தரிக்காய் குடும்பத்துச் செடி, காய் நிலையில் துவர்ப்பும் கசப்பும் மிகுதி, வயிற்றுக்கும் ஆகாது. முழுவதும் நிறம் ஏறி, விரலால் அழுத்தினால் சற்றே அமுங்கும் பழமே சமையலுக்கு உரியது. கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதல்முறை ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது அளவு. நாட்டுத் தக்காளி போடும் இடத்தில் அதே எண்ணிக்கையில் இதைப் போட்டு, பழக்கத்தில் புளியும் கரைத்து ஊற்றினால் பல் கூசும். ரசத்துக்கு இதன் புளிப்பே போதும், புளியை விட்டுவிடுங்கள். பருப்போடு சேர்த்து வேகவைப்பதும் தவறு, புளிப்பில் பருப்பு மசியாது. மலையில் இந்தத் தொல்லை இரட்டிப்பாகிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ஏற்கெனவே நேரம் பிடிக்கும். குக்கரில் பருப்பை நன்றாகக் குழைய வேகவைத்த பிறகே பழத்தைச் சேருங்கள்.

ஜாம் செய்கிறவர்கள் இந்த உயரக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். சமவெளிக் குறிப்புகளில் பாகு 105 டிகிரி வரும்வரை கொதிக்க வேண்டும் என்று இருக்கும். அந்த எண் கடல் மட்டத்துக்கு உரியது, அதாவது நீரின் கொதிநிலையைவிட 5 டிகிரி மேலே. கொடைக்கானலில் 98 டிகிரியிலேயே அந்தப் பதம் வந்துவிடும். 105 வரட்டும் என்று காத்திருந்தால் ஜாம் இறுகி, அடிப்பிடித்து, மிட்டாயாகிவிடும். வெப்பமானி இல்லாவிட்டால் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளிப் பாருங்கள். மேற்பரப்பு சுருங்கினால் இறக்கிவிடலாம். மரத்தக்காளியில் ஜாமை இறுகவைக்கும் பெக்டின் தாராளமாக இருப்பதால் தனியாக வாங்கிச் சேர்க்கத் தேவையில்லை. அலுமினியப் பாத்திரத்தில் காய்ச்ச வேண்டாம், எவர்சில்வர் போதும். சூடான பாலில் சேர்த்தால் திரிந்துவிடும்.

அதே சந்தையில் கிடைக்கும் தாட்பூட் பழத்துக்கு, அதாவது பேஷன் ஃப்ரூட்டுக்கு, எச்சரிக்கை வேறு. தோல் சுருங்கிய பழத்தை ஒதுக்கிவிட்டுப் பளபளப்பானதைத் தேடாதீர்கள், ஊதாப் பழத்தில் சுருக்கம் இனிப்பு ஏறியதன் அடையாளம். விதையோடு மிக்ஸியில் ஓடவிட்டால் சாறு முழுக்கக் கறுப்புத் துகளாகிவிடும், வடிகட்டியில் கரண்டியால் தேய்த்தால் போதும். கொதிக்கவும் வைக்காதீர்கள், மணம் போய்விடும்.

கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களிலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட்டும் அடுப்பில் நெடுநேரம் இருந்தால் கசந்துவிடும். மரத்தில் அது பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும் என்பதால் கல்லாக இருக்கும் காயை வெட்டி வீணாக்க வேண்டாம். வாழைப்பழத்தோடு ஒரு காகிதப் பையில் சில நாட்கள் வைத்து, பழுத்ததும் மசித்து, அடுப்பை அணைத்த பின் கறியில் கலந்து உடனே பரிமாறுங்கள்.