ஊரில் முடி வாங்குவதானால் முதல் வாரத்திலேயே வாங்குங்கள்

கல்யாணம், காதுகுத்து என்று வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறவர்களின் பட்டியலில் புடவை, பாத்திரத்தோடு இப்போது முடியும் ஏறிவிட்டது. சவுரியோ, கிளிப் வைத்த எக்ஸ்டென்ஷனோ, முடியை வரிசையாகப் பட்டையில் தைத்த வெஃப்டோ, ‘இந்திய முடியைத்தானே வெளிநாட்டிலும் விற்கிறார்கள், ஊரிலேயே வாங்கிவிடலாம்’ என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை. திருமலையிலும், நம் பக்கம் பழனி, திருத்தணி, சமயபுரத்திலும் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்துக்கு வந்து, சுத்தமாகி, கடல் கடந்து போகிறது. ஆனால் நல்ல சரக்கில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போய்விடும். சில்லறைக் கடையில் தொங்குவதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? முடியிழையின் மேல் மீன் செதில்போல மெல்லிய அடுக்கு உண்டு. செதில்கள் எல்லாம் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். மொட்டை போடும்போது முடி கற்றையாக இறங்குவதால் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று திசை மாறாமல் கட்டிவிட முடிகிறது. இதுதான் ரெமி. இன்னொரு வகை, தெருத்தெருவாகப் பாத்திரத்துக்கும் ஹேர்பின்னுக்கும் வாங்கிச் சேர்க்கும் சிக்கு முடி. சீப்பில் வந்த உருண்டைகளைக் கையால் பிரித்து நீளம் வாரியாக அடுக்குவார்கள். அதில் பாதி இழை தலைகீழாகக் கிடக்கும். செதிலோடு செதில் மாட்டினால் சிக்கு விழும் என்பதால் அமிலக் குளியலில் செதிலையே கரைத்துவிட்டு, சிலிக்கோன் பூச்சுக் கொடுப்பார்கள். கடை வெளிச்சத்தில் இது ரெமியைவிட அதிகமாக மினுங்கும். சில முறை அலசியதும் பூச்சுப் போய்விடும், பிறகு வைக்கோல்தான்.

ஆகவே மினுமினுப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கற்றையிலிருந்து ஓர் இழையை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, இழையின் நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். செதில் இருக்கும் முடி வேர்ப்பக்கமாக மெல்ல நகரும். அதே கற்றையில் வெவ்வேறு இடங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு இழைகளை எடுத்து, தையல் பக்கம் எது என்று கவனித்து இப்படித் தேய்த்துப் பாருங்கள். எல்லாம் தையல் பக்கமாகவே நகர்ந்தால் நல்லது. சில எதிர்ப்பக்கம் போனால் கலவை. எதுவுமே நகராவிட்டால் செதில் போன சரக்கு. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கொளுத்திக் காட்டுவது கடைக்காரர்களுக்குப் பிடித்த வித்தை. மனித முடி கருகி, பொசுங்கிய நாற்றத்தோடு பொடியாகும். செயற்கை இழை உருகிக் குண்டுமணியாக இறுகும். இது மனித முடியா பிளாஸ்டிக்கா என்பதை மட்டும்தான் சொல்லும். சிக்கு முடியும் அந்தப் பரீட்சையில் தேறிவிடும்.

லேபிளில் இருக்கும் 8ஏ, 10ஏ, 12ஏ எல்லாம் அவரவர் போட்டுக்கொள்ளும் மதிப்பெண். பொதுவான தர நிர்ணயம் கிடையாது. ‘பிரேசிலியன்’, ‘பெருவியன்’ என்பவையும் பெரும்பாலும் வியாபாரப் பெயர்களே. கேட்க வேண்டிய கேள்வி சிங்கிள் டிரானா, டபுள் டிரானா என்பது. சிங்கிளில் குட்டை இழைகளும் கலந்திருப்பதால் நுனி மெலிந்துகொண்டே போகும். டபுளில் குட்டையானவற்றைக் கழித்துவிடுவதால் அடியிலிருந்து நுனிவரை ஏறக்குறைய ஒரே கனம். அதனால் விலையும் கூடும். எடை போட்டுப் பாருங்கள். வழக்கமாக 100 கிராம் கற்றையாக விற்பார்கள், தையல் பட்டையின் எடையும் அதில்தான் அடக்கம். சுருள் முடியின் நீளத்தை இழுத்துப் பிடித்து அளந்தே சொல்வார்கள், தலையில் வைத்தால் குட்டையாகத்தான் தெரியும். தேவைக்கு மேல் நீளம் கேட்காதீர்கள். திருமலை ஏலத்திலேயே நீளத்தை வைத்துத்தான் ரகம் பிரிக்கிறார்கள். நீளம் ஏற ஏற விலை தாவும்.

நிறமும் ஒரு துப்பு. பல தலைகளின் இயற்கை முடி ஒன்று சேர்ந்தால் கருமையும் கரும்பழுப்புமாக லேசான பேதம் தெரியும். அச்சடித்ததுபோல ஒரே கருப்பாக இருந்தால் சாயம் ஏற்றியது. ஈர வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பொன்னிறம் வேண்டுமென்றால் ப்ளீச் செய்தாக வேண்டும், அதன் ஆயுள் குறைவு என்று தெரிந்தே வாங்குங்கள்.

முகூர்த்தத்துக்கு ஒரு நாள் பூ ஜடை தைக்க மட்டும் என்றால் இத்தனை ஆராய்ச்சி வேண்டாம். ஜடை பூவுக்கும் குஞ்சலத்துக்கும் அடியில் ஒளிந்துவிடும். சாதாரணச் சவுரி போதும்.

தினமும் வைத்துக்கொள்ளத்தான் என்றால் ஊரில் இறங்கிய முதல் வாரத்திலேயே ஒரு கற்றை மட்டும் வாங்குங்கள். ஷாம்பூ போட்டு இரண்டு மூன்று முறை அலசி, எண்ணெய், சீரம் எதுவும் தடவாமல் நிழலில் காயவையுங்கள். சீப்பு அடிவரை இறங்கினால் அதே கடையில் மீதியை வாங்கலாம். கிளம்பும் நாளுக்கு முந்தின மாலை மொத்தமாக வாங்கினால் கோளாறு தெரியும்போது நீங்கள் வேறு கண்டத்தில் இருப்பீர்கள். அலசிய சரக்கைத் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்பதால் இந்த முதல் கற்றையைச் செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

பில்லில் ‘வெஃப்ட்’, ‘விக்’ என்று பொருளின் பெயரும் எடையும் இருக்கட்டும். பதப்படுத்தாத முடியின் ஏற்றுமதிக்கு 2022 ஜனவரி முதல் இந்தியாவில் கட்டுப்பாடு உண்டு. ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று தைக்காத வெறுங்கற்றைகளைப் பெட்டியில் அடுக்க வேண்டாம். ஈரம் துளிகூட இல்லாமல் காயவைத்துத் தளர்வாகப் பின்னி, பருத்தித் துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள்.