எலிப்பொறிக் கட்டு: லாரி பேக்கர் சுவரைக் கடலூரில் எழுப்ப

பர்மிங்காமில் 1917இல் பிறந்து, 1945இல் இந்தியா வந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, நடுவே காலி விட்டுச் சுவர் எழுப்பும் எலிப்பொறிக் கட்டு (rat-trap bond) அவர் கண்டுபிடிப்பு அல்ல, இங்கிலாந்தின் பழைய முறை. கேரளத்தில் அதைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்து, மேஸ்திரிகளுக்குப் பழக்கியவர் அவர்.

முதலில் செங்கல். 9 அங்குல நீளம், 4¼ அகலம், 3 கனம் உள்ள கல் வேண்டும். 19×9×9 செ.மீ. மாடுலர் கல் ஆகாது. இரண்டை எதிரெதிரே நிறுத்தினால் நடுவில் இடமே இருக்காது. சூளைக் கல்லில் பத்தை அடுக்கி அளந்து பாருங்கள். கல்லுக்குக் கல் கால் அங்குலத்துக்கு மேல் ஏறி இறங்கினால் அந்த லோடு வேண்டாம். சுவரைப் பூசாமல் விடுவதால் கோணல் அப்படியே தெரியும்.

பேஸ்மென்ட் மேல் முதல் வரியைப் படுக்கைக் கல்லால் இடைவெளியின்றிக் கட்டுங்கள். அடுத்த வரியிலிருந்து எல்லாக் கல்லும் 3 அங்குல விளிம்பில் நிற்கும். சுவருக்குக் குறுக்கே ஒன்று. பிறகு உள்முகத்தில் ஒன்றும் வெளிமுகத்தில் ஒன்றும் நீளவாக்கில். நடுவே 3 அங்குலக் காலி. மறுபடி குறுக்குக் கல். மேல் வரியின் குறுக்குக் கல், கீழே உள்ள நெடுங்கல்லின் நடுவில் உட்கார வேண்டும். சுவர் கனம் 9 அங்குலம்தான்.

கலவை 1:6, அதாவது ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல். பழக்கமில்லாத கொத்தனார் கரண்டி நிறைய அள்ளி வரி முழுக்கப் பரப்புவார். பாதி காலிக்குள் விழும். சிமென்ட் வீண் என்பது மட்டுமல்ல, விழுந்த கலவை இரண்டு முகத்தையும் தொட்டு நின்றால் அதன் வழியாக மழை ஈரம் உள்ளே வரும். கைப்பிடி வைத்த இரண்டரை அங்குலப் பலகையைக் காலியின் மேல் வைத்து, கலவை போட்டதும் தூக்கிவிடச் சொல்லுங்கள். முதல் நாள் முழுக்கப் பக்கத்தில் நின்றால் போதும், கை பழகிவிடும்.

மூலை, கதவு ஜன்னல் ஓரம், ஜன்னல் அடி, லிண்டல் (கதவு ஜன்னல் மேலே போடும் கான்கிரீட் விட்டம்) அடி எல்லாம் இடைவெளியின்றி அடைத்துக் கட்ட வேண்டும். லிண்டலுக்குக் கீழே அடைத்த வரி இல்லையென்றால் கான்கிரீட் உள்ளே இறங்கிவிடும். கடலூர் 2011 தானே புயலைப் பார்த்த ஊர்: மூலைகளில் 12 எம்.எம். கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்புங்கள், லிண்டல் மட்டத்தில் சுற்றிலும் கான்கிரீட் பட்டை ஓட்டுங்கள். ஓட்டுக் கூரையானால் மரத்தைப் பிடிக்கும் போல்ட் சுவர் உச்சியில் உள்ள கான்கிரீட் பட்டைக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

கடற்கரை ஓரத்து போர் தண்ணீர் கரித்தால் கலவைக்கும் நனைப்புக்கும் தொடவே வேண்டாம். பூசாத சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். ஐப்பசி மழைச் சாரலுக்கு இரண்டடி இறவாரமாவது தேவை.

100 சதுர அடிக்கு வழக்கமான கட்டில் ஏறக்குறைய 900 கல் பிடிக்கும். இதில் 700 சொச்சம். கால்வாசி மிச்சம் என்ற பேச்சை நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள். அடைத்துக் கட்டும் இடங்கள் சேர்ந்தால் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பூச்சுச் செலவு மிச்சமாவதுதான் பெரிய லாபம். வெயிலும் உள்ளே குறைவாக இறங்கும்.

மின்சார பைப்பைச் சுவர் ஏறும்போதே காலிக்குள் இறக்கிவிடுங்கள். பிறகு காடி வெட்டினால் 3 அங்குலக் கல் உடைந்துவிடும். கனமான அலமாரி மாட்டும் இடத்தை முன்பே குறித்து, அங்கேயும் அடைத்துக் கட்டச் சொல்லுங்கள்.