டியூப் கிட்டார் ஆம்ப்: ஃப்யூஸ் போகிறதா, பிளேட் சிவக்கிறதா? அளந்து கண்டுபிடிக்கும் முறை

ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகிறது, ஸ்பீக்கரில் ஓயாத உறுமல், பவர் டியூபின் பிளேட் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) அடுப்புக் கங்கு போலச் சிவக்கிறது. இவற்றில் எது வந்தாலும் பலர் முதலில் செய்வது புது டியூப் வாங்கிப் போடுவதுதான். கோளாறு ஆம்புக்குள் இருந்தால் அந்தப் புது ஜோடியும் சில நிமிடங்களில் வீணாகிவிடும். டியூபைச் செருகும் முன்பே மல்டிமீட்டரால் வரிசையாக அளந்து பாருங்கள்.

கை வைக்கும் முன்

உள்ளே 300 முதல் 500 வோல்ட் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் அது தேங்கி நிற்கும். உயிரைப் பறிக்கப் போதுமான அளவு. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் உறை போட்ட கிளிப் கம்பிகளை இணையுங்கள். பிளக் வெளியே இருக்கும்போது ஒரு கிளிப்பைச் சேஸிஸிலும் (ஆம்பின் உலோகச் சட்டம்) மற்றதைக் கெபாசிட்டரின் பிளஸ் முனையிலும் மாட்டி 10 விநாடி விடுங்கள். எல்லா ஃபில்டர் கெபாசிட்டருக்கும் இதைச் செய்து, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே உள்ளே தொடலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது வேண்டவே வேண்டாம். பொறி பறந்து கெபாசிட்டரும் கெடும்.

மீட்டரும் அதன் லீடுகளும் 1000 வோல்ட் தாங்குபவையாக இருக்கட்டும். கருப்பு லீடைச் சேஸிஸில் கிளிப் போட்டுவிட்டு ஒரே கையால் அளங்கள். பவர் டியூப் போட்டிருக்கும்போது ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்பை ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

படி 1: சீரீஸ் பல்பு

மெயின் லைவ் கம்பியில் 60 முதல் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. எல்லா டியூபையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் பவர் டிரான்ஸ்ஃபார்மரையும், சிலிக்கன் டயோடு உள்ள ஆம்பில் டயோடுகளையும் ஃபில்டர் கெபாசிட்டர்களையும் சந்தேகியுங்கள். மீட்டரின் டயோடு நிலையில் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 காட்டி, லீடை மாற்றினால் ஒன்றும் காட்டாமல் இருப்பது நல்ல டயோடு. இரு பக்கமும் பூஜ்யம் என்றால் ஷார்ட்.

ரெக்டிஃபையர் டியூப் (டயோடுக்குப் பதில் ஏசியை டிசியாக்குவது) உள்ள ஆம்பில், அதை மட்டும் செருகிய பிறகு பல்பு பிரகாசித்தால் அந்த டியூபோ, முதல் ஃபில்டர் கெபாசிட்டரோ, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியோ ஷார்ட் ஆகியிருக்கும். உறுமலைக் குறைக்கிறேன் என்று முதல் கெபாசிட்டரை இஷ்டத்துக்குப் பெரிதாக்கியதாலும் ரெக்டிஃபையர் சாகும். ஜிஇசட்34 டியூபுக்கு உச்ச வரம்பு 60 மைக்ரோஃபாரட்.

படி 2: உறுமல் எங்கிருந்து?

இதற்கு டியூப்கள் வேண்டும்; எனவே படி 3 முடிந்து அவற்றைச் செருகிய பிறகு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கேளுங்கள். மெயின் 50 ஹெர்ட்ஸ் என்றால், ஃபில்டர் கெபாசிட்டர் வற்றியதால் வரும் உறுமல் 100 ஹெர்ட்ஸ். ஹீட்டர் அல்லது எர்த் கோளாறு 50 ஹெர்ட்ஸ், இன்னும் தடித்த ஒலி. 60 ஹெர்ட்ஸ் மெயினில் இவை 120, 60. ஆம்பை அணைத்து ஃபேஸ் இன்வெர்ட்டர் டியூபை (பவர் டியூப்களுக்குச் சிக்னலைப் பிரித்துக் கொடுப்பது) கழற்றிவிட்டு மீண்டும் கேளுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு பவர் பகுதியில்.

படி 3: பயாஸ்

கிரிட்டில் (டியூபின் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி) இருக்கும் நெகட்டிவ் வோல்ட்டேஜ்தான் பயாஸ்; அதுவே பவர் டியூபைக் கட்டுக்குள் வைக்கிறது. கேத்தோடு பயாஸ் ஆம்புக்குக் கீழே தனி முறை உண்டு. அது இல்லாவிட்டால் பிளேட் சிவப்பது நிச்சயம். எனவே பவர் டியூப்களைக் கழற்றியே வைத்து, சீரீஸ் பல்பை நீக்கிவிட்டு, ஒவ்வொரு சாக்கெட்டிலும் 5-ஆம் பின்னை (கிரிட்) அளங்கள். அடியிலிருந்து பார்த்தால் பின்களைச் சாவிப் பள்ளத்திலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். 6எல்6 ஆம்பில் ஏறத்தாழ மைனஸ் 45 முதல் 55, இஎல்34 ஆம்பில் மைனஸ் 32 முதல் 45 வோல்ட் வரும்.

எந்தச் சாக்கெட்டிலும் வரவில்லையென்றால் பயாஸ் டயோடு, அதன் ரெசிஸ்டர், கெபாசிட்டர் மூன்றையும் பாருங்கள். இந்தக் கெபாசிட்டரின் பிளஸ் முனைதான் எர்த்துக்குப் போக வேண்டும். வழக்கப்படி மைனஸை எர்த்தில் சேர்த்துவிடுவது புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. ஒரு சாக்கெட்டில் மட்டும் இல்லையென்றால் அங்குள்ள கிரிட் லீக் ரெசிஸ்டர் (பல ஆம்புகளில் 220 கிலோ ஓம்) அறுந்திருக்கும். ஒன்றில் மட்டும் சில வோல்ட் குறைந்து காட்டினால், அந்தக் கிரிட்டுக்குச் சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது. ஆம்பை அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, அதன் ஒரு காலைக் கழற்றி மறுபடி அளங்கள். வோல்ட்டேஜ் திரும்பி வந்தால் அதுதான் குற்றவாளி. அதே மதிப்பில் 630 வோல்ட் தாங்கும் புதியதைப் போடுங்கள். பயாஸ் பாட்டை (பயாஸைக் கூட்டிக் குறைக்கும் திருகு ரெசிஸ்டர்) திருப்பும்போது அளவு குதித்தால் பாட்டை மாற்றுங்கள்.

இனி டியூப்களைச் செருகலாம். ஒவ்வொரு கேத்தோடுக்கும் (8-ஆம் பின்) எர்த்துக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், அதில் தெரியும் 1 மில்லி வோல்ட் என்பது 1 மில்லி ஆம்பியர். இஎல்34-க்கு 1-ஆம் பின்னும் 8-ஆம் பின்னோடு சேர்ந்திருக்க வேண்டும்.

கணக்கு எளிது. இஎல்34-இன் பிளேட் வரம்பு 25 வாட். 70 சதவீதம் 17.5 வாட். 3-ஆம் பின்னில் (பிளேட்) 440 வோல்ட் என்றால் 17.5 ÷ 440, ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர். இதுவே உச்ச வரம்பு. 60 முதல் 65 சதவீதத்தில் வைத்தால் டியூப் நீண்ட நாள் உழைக்கும். 6எல்6ஜிசி-க்கு வரம்பு 30 வாட்.

கரன்ட் மிகக் குறைவாக இருந்தால் உடனே பாட்டைத் திருப்பாதீர்கள். முதலில் 4-ஆம் பின்னை (ஸ்கிரீன்) அளங்கள். அங்கே வோல்ட்டேஜ் இல்லையென்றால் ஸ்கிரீன் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பாட்டைத் திருப்பிக் கரன்ட்டை ஏற்றினால், நன்றாக இருக்கும் பக்கத்து டியூப் சிவக்கும்.

கேத்தோடு பயாஸ் ஆம்பில் (கேத்தோடு ரெசிஸ்டரே பயாஸ் தருவது) பாட் கிடையாது. கேத்தோடு ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டேஜை அதன் ஓம்களால் வகுத்து, அதைப் பகிரும் டியூப்களின் எண்ணிக்கையால் மறுபடி வகுங்கள். அங்கே பூஜ்யம் காட்டி டியூபும் சிவந்தால், அந்த ரெசிஸ்டருக்கு இணையாக உள்ள பைபாஸ் கெபாசிட்டர் ஷார்ட்.

20 நிமிடம் ஓடிய பின் மீண்டும் அளங்கள். ஒரு டியூபில் மட்டும் கரன்ட் ஏறிக்கொண்டே போனால், அணைத்து, ஆறிய பின் இரு டியூப்களையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு டியூபோடு சேர்ந்து நகர்ந்தால் டியூபை மாற்றுங்கள்; சாக்கெட்டிலேயே நின்றால் கப்ளிங் கெபாசிட்டருக்கும் கிரிட் ரெசிஸ்டருக்கும் திரும்புங்கள்.