டிராஸ்டுசுமாப் ஃபேப்: எலியும் மனிதனும் சேரும் இடத்தைத் திரையில் பார்ப்பது எப்படி?

மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாப், 4டி5 என்ற எலி ஆன்டிபாடியிலிருந்து வந்தது. இலக்கைப் பிடிக்கும் எலியின் ஆறு லூப்களை எடுத்து, அவற்றைத் தாங்கும் மனித ஆன்டிபாடிச் சட்டகத்தில் பொருத்தினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். போதாது. ஏன் என்பதை அதன் ஃபேபின் (ஆன்டிபாடியில் இலக்கைப் பிடிக்கும் கைப்பகுதி) படிக அமைப்பிலேயே பார்க்கலாம். பிரவுசர் இருந்தால் போதும்.

படி 1. ஆர்சிஎஸ்பி புரத வங்கியின் தளத்தில் 1என்8இசட் என்ற குறியீட்டை ஆங்கில எழுத்தில் தேடி, முப்பரிமாணக் காட்சியைத் திறங்கள். ஏ ஆன்டிபாடியின் லேசான சங்கிலி, பி அதன் கனச் சங்கிலி, சி இந்த மருந்து பிடிக்கும் ஹெர்2 புரதம்.

படி 2. எண்களைச் சரிபாருங்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். மேலே ஓடும் வரிசையில் பி சங்கிலியின் 99ஆம் இடத்தில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அது 95இல் இருந்தால் அந்தக் கோப்பு கபாட் எண் முறையில் (ஆன்டிபாடிகளுக்கான பொது எண் முறை) உள்ளது. கபாட் முறையில் 52ஏ, 82ஏ, 82பி, 82சி என்று இடைச்செருகல்கள் உண்டு. அதனால் 52க்குப் பிறகு ஒன்றும், 82க்குப் பிறகு நான்கும் வித்தியாசப்படும். கட்டுரைகள் பெரும்பாலும் கபாட் எண்ணையே சொல்லும்.

படி 3. லூப்களுக்கு நிறம் கொடுங்கள். ஏ: 24–34, 50–56, 89–97. பி: 31–35, 50–66, 99–109. இவை பெரும்பாலும் எலியின் பங்கு.

படி 4. இப்போது பி சங்கிலியின் 72ஐ (கபாட் 71) சொடுக்குங்கள். அது அலனைன், பக்கவாட்டில் ஒரே ஒரு கார்பன். பியின் இரண்டாம் லூப் (50–66) அதன்மேல் படிந்து கிடப்பதைத் திருப்பிப் பாருங்கள். மனிதச் சட்டகத்தில் இதே இடத்தில் நீண்ட ஆர்ஜினைன் இருந்தது. அது அங்கேயே இருந்தால் லூப் தன் வடிவில் உட்கார இடமில்லை. லூப்களை மட்டும் மாற்றிய முதல் வடிவத்தின் பிணைப்பு 25 நானோமோலார் (எண் குறைந்தால் பிடிப்பு வலுவானது). இதையும் ஏ 66 போன்ற வேறு சில இடங்களையும் திருத்திய கடைசி வடிவம் 0.1, மூல எலி ஆன்டிபாடியே 0.3தான். 1992இல் வந்த இந்த அளவுகளுக்குக் காரணம் லூப்பில் மட்டும் இல்லை, அதைத் தாங்கும் சட்டகத்திலும் இருக்கிறது.

படி 5. பி சங்கிலியும் சி சங்கிலியும் தொடும் இடத்துக்குப் போங்கள்: ஹெர்2வின் 557–561, 570–573, 593–603. ஹைட்ரஜன் பிணைப்பைக் காட்டும் புள்ளிக்கோடுகளை அப்படியே நம்பாதீர்கள். இந்தப் படிக அமைப்பின் 2.5 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் ஹைட்ரஜன் தெரியாது. தூரத்தையும் கோணத்தையும் வைத்து மென்பொருள் ஊகித்துப் போடுபவை அவை.

வேறொரு ஃபேபுடன் ஒப்பிடும்போது இரண்டையும் முழுதாக ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்காதீர்கள். மாறும் பகுதிக்கும் மாறாப் பகுதிக்கும் நடுவே உள்ள முழங்கை படிகத்துக்குப் படிகம் வேறு கோணத்தில் மடங்கும். நல்ல பொருத்தம்கூட மோசமாகத் தெரியும். ஏ 1–107, பி 1–120 மட்டும் எடுத்துப் பொருத்துங்கள்.