சாயாக் கடை பெஞ்சில் பேஸ்பால் பிட்சர் சண்டை போடுவது எப்படி

குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்களுக்கு அமெரிக்க பேஸ்பால் ரொம்ப வசதி. பாஸ்டனில் சாயங்காலம் 7 மணிக்கு ஆட்டம் தொடங்கினால் நமக்கு விடியற்காலை நாலரை, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்கிற அதே நேரம், ஒரு காதில் இயர்போன் போட்டால் போதும். நர்ஸ் வேலைக்கு அங்கே போன அக்காவும் அத்தானும் பழக்கிவிட்ட பைத்தியம் இது. கேட்பதில் ஒரு சிக்கலும் இல்லை. அத்தான் லீவுக்கு வந்து, கையில் கட்டன் சாயாவோடு, "மக்கா, எக்காலத்துக்கும் பெரிய பிட்சர் யாருல?" என்று ஆரம்பிப்பார் பாருங்கள், அங்கேதான் சிக்கல். (பிட்சர் என்றால் பேட்ஸ்மேனுக்குப் பந்து எறிகிறவர், நம் கிரிக்கெட் பவுலர் மாதிரி.) மூன்று லீவு வரிசையாகத் தோற்றபிறகு எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

யார் பெயரையும் சொல்வதற்கு முன்னால் கேள்வியை இரண்டாகப் பிளந்துவிடுங்கள். இருபது வருஷத்தையும் மொத்தமாக எடை போட்டால் யார் என்பது ஒன்று. நாளைக்கு ஒரே ஒரு ஆட்டம், தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், பந்தை யார் கையில் கொடுப்பாய் என்பது இன்னொன்று. முதலாவதற்கு வால்டர் ஜான்சன் வருவார்: 1907 முதல் 1927 வரை வாஷிங்டனுக்கு மட்டும் ஆடி 417 வெற்றி, அதில் 110 ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கிடையாது. இரண்டாவதற்கு சாண்டி கூஃபாக்ஸ் வருவார்: கடைசி ஐந்து சீசனில் ஐந்திலும், அமெரிக்கப் பெரிய பேஸ்பாலின் இரண்டு லீகில் அவர் ஆடிய லீகிலேயே குறைவாக ரன் விட்டவர் அவர்தான், அப்புறம் முழங்கை மூட்டு தேய்ந்துபோய் 1966-ல் முப்பது வயதிலேயே முடித்துக்கொண்டார். இரண்டு கேள்வியையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் ராத்திரி வரைக்கும் கத்தலாம், ஒருத்தரும் மசியமாட்டார். நான் முதல் லீவில் தோற்றது இதனால்தான்.

அடுத்தது, வெற்றிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை அங்கேயே நிறுத்துவது. சை யங் 511 ஆட்டம் ஜெயித்தார், இனி யாரும் கிட்டே வரமாட்டார்கள், சரி. அவரே 300-க்கு மேல் தோற்றும் இருக்கிறார். அந்தக் காலத்தில் ஆரம்பித்தவரே கடைசி வரைக்கும் எறிவார், இப்போது ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தாறு இன்னிங்ஸ் முடிந்ததும் பந்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தன் அணி ரன் எடுக்காவிட்டால் பிட்சர் என்ன செய்வார்? 2018-ல் ஜேக்கப் டிக்ராம் ஜெயித்தது 10, தோற்றது 9. ஆனால் அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.70. அதாவது ஃபீல்டர் கோட்டைவிட்டு வந்த ரன்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு இவர் விட்டது இரண்டு ரன்கூட இல்லை. அந்த வருஷம் அவர் லீகின் சிறந்த பிட்சர் விருது அவருக்கே போனது, விருதின் பெயரும் சை யங் விருது. இந்த ஒன்றைச் சொன்னால் பெஞ்சில் பாதிப்பேர் அடங்கிவிடுவார்கள்.

ஆனால் ஈ.ஆர்.ஏ.யை மட்டும் நம்பிப் போனால் நீங்களும் மாட்டுவீர்கள். நான் மாட்டினேன். பாப் கிப்சன் 1968-ல் 1.12, பெட்ரோ மார்ட்டினெஸ் 2000-ல் 1.74, ஆகவே கிப்சன்தான் என்று எழுந்து நின்று சொன்னேன். அத்தான் சிரித்துவிட்டு, "லே, மார்கழிப் பாலையும் மாசிப் பாலையும் ஒரே வாளியில ஊத்தி அளக்கியா?" என்றார்.

வெட்டுக்காரனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இலை உதிர்ந்து நிற்கிற மாதத்தில் அரைச் சிரட்டை கொடுக்கிற மரம், நல்ல மாதத்தில் ஒரு சிரட்டை கொடுக்கிற மரத்தைவிடக் கெட்டி மரமாக இருக்கலாம். அன்றைக்கு அதே தோட்டத்தில் பக்கத்து மரங்கள் என்ன கொடுத்தன என்று பார்க்க வேண்டும். 1968 முழுக்கவே பிட்சர்களின் வருஷம். கிப்சன் ஆடிய லீகின் சராசரியே மூன்றுக்குக் கொஞ்சம் கீழே, இன்னொரு லீகில் வெறும் .301 அடித்து, அதாவது பத்து முயற்சிக்கு மூன்று ஹிட் கணக்கில், ஒருவர் பேட்டிங் பட்டத்தை வாங்கிப் போனார். பொறுக்காமல் 1969-ல் பிட்சர் நிற்கிற மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். பெட்ரோவின் 2000-ம் வருஷமோ ஆளாளுக்குச் சிக்ஸர் பறக்கவிட்ட காலம். அவர் லீகின் சராசரி 4.91. ஈ.ஆர்.ஏ.யில் அவருக்கு அடுத்து நின்ற ரோஜர் கிளெமென்ஸுக்கே 3.70, அதாவது பெட்ரோ விட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! காலத்தையும் மைதானத்தையும் கழித்து 100-ஐச் சராசரியாக வைத்து ஒரு கணக்குப் போடுகிறார்கள், ஈ.ஆர்.ஏ. பிளஸ் என்று பெயர், அதில் பெட்ரோவுக்கு அந்த வருஷம் 291. இந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் போனில் தேடிக்கொள்ளலாம்.

பொறி வைக்கிற ஆட்கள் இருப்பார்கள். நோலன் ரயன் என்பார்கள்: 5,714 ஸ்ட்ரைக்அவுட் (பேட்ஸ்மேன் பந்தை அடிக்க முடியாமலே அவுட்டாவது), எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம் ஏழு. நீங்கள் மெதுவாக, குறி தப்பிய நாலு பந்து எறிந்து 2,795 பேரை அடிக்காமலே சும்மா முதல் பேஸுக்கு நடக்கவிட்டவரும் அவர்தான், 27 சீசனில் ஒரு சை யங் விருதுகூட இல்லை என்று சொல்லிவிட்டு வடையைப் பிட்டுக்கொண்டால் போதும். கிளெமென்ஸ் பெயர் வந்தால் ஏழு சை யங் விருதை ஒத்துக்கொள்ளுங்கள், ஊக்க மருந்துக் குற்றச்சாட்டால் பெரிய ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் இன்னும் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதற்குமேல் இழுக்காதீர்கள், அது வேறு சண்டை.

சாட்செல் பெய்ஜ் பெயரை யாராவது எடுத்தால் மட்டும் எண்ணைக் கீழே வைத்துவிட வேண்டும். கறுப்பர் என்பதால் பெரிய லீக் கதவு அவருக்கு மூடியே கிடந்தது. 1948-ல் க்ளீவ்லாந்துக்காக உள்ளே வரும்போது வயது 42. 1965-ல், 59 வயதில், மூன்று இன்னிங்ஸ் எறிந்து ஒரு ரன்கூட விடவில்லை. நல்ல வயதில் அவர் எறிந்த ஆட்டங்களில் எத்தனையோ எங்கேயும் பதிவாகவே இல்லை, அவரை எந்தத் தோட்டத்து மரத்தோடு வைத்து அளப்பது? அத்தானிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் இன்னும் இரண்டு சாயா சொன்னார்.

என் பதில் கேட்டால், மொத்தக் கணக்குக்கு ஜான்சன், ஒரே ஆட்டத்துக்கு 2000-ம் வருஷத்துப் பெட்ரோ. அந்தப் பெட்ரோ ஆடிய பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் தொப்பியைத்தான் போட்டுக்கொண்டு திரிகிற அத்தான், போன லீவில் அதை மறுத்து, வீம்புக்கென்றே கிரெக் மேடக்ஸ் கட்சிக்குப் போய்விட்டார். நாலு வருஷம் தொடர்ச்சியாக சை யங் வாங்கியவர், 1992 முதல் 1995 வரை. அதற்கு மறுப்புத் தேடிக்கொண்டிருக்கிறேன்.