வடசென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சாலை விபத்து நடந்தால் சட்டப்படி என்ன செய்வது

இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், புழல் பக்கம் வீடு பிடிப்பவர்கள் வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். விபத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள், ஷேர் ஆட்டோக்கள், எம்.டி.சி. என்கிற மாநகரப் பேருந்துகள், சைக்கிளில் டியூஷன் போகும் பிள்ளைகள் எல்லாம் ஒரே சாலையில் போகிற பகுதி இது. கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஒன்று. இந்தியாவில் விபத்து இழப்பீடு கேட்க இந்தியக் குடியுரிமை தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 166-ஆவது பிரிவு, காயம்பட்டவர் கேட்கலாம், இறந்தவரின் வாரிசுகள் கேட்கலாம் என்றுதான் சொல்கிறது. நீங்கள் விசாவில் இருந்தாலும் சரி, ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருந்தாலும் சரி, அகதிகள் முகாமில் பதிவு செய்தவராக இருந்தாலும் சரி, உரிமை ஒன்றுதான். "நாமே வந்து ஒண்டியிருக்கிறோம், நமக்கெதற்கு போலீஸ், கோர்ட்" என்று சொல்லி, கால் உடைந்த பிறகும் சும்மா இருந்துவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அது மனதை அறுக்கிற விஷயம். உங்களுக்குச் சேர வேண்டிய பணம், முதல் சில நாட்களில் உருவாகும் காகிதங்களைப் பொறுத்தது. யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்தது இல்லை.

ஆஸ்பத்திரியில் எழுதப்படும் முதல் வரி

அடிபட்டவரை முதலில் காப்பாற்றுங்கள். 108 ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யுங்கள். வடசென்னையில் பெரும்பாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். சில சமயம் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் உள்ள ஜி.ஹெச் என்கிற அரசு பொது மருத்துவமனைக்கு. தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமில்லாத சிகிச்சை உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய இந்தத் திட்டம் வெளிநாட்டவருக்கும் பொருந்தும். ஒன்றிய அரசு 2025-இல் கொண்டுவந்த திட்டத்தில் 7 நாள் வரை, ₹1.5 லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். "முதலில் டெபாசிட் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு திட்டங்களின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

அங்கே டியூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். அதை ஏ.ஆர். என்பார்கள், விபத்துப் பதிவேடு. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வண்டி மோதியது, யார் அழைத்து வந்தார் என்று நாலைந்து வரிதான் இருக்கும். பின்னாளில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் புரட்டுவது அந்த நாலைந்து வரியைத்தான். பதற்றத்தில் கூட வந்தவர் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டால் அதுவே பதிவாகிவிடும். அப்புறம் லாரி மோதியது என்று எஃப்.ஐ.ஆரில் (போலீஸ் பதியும் முதல் தகவல் அறிக்கை) வந்தால், "பிறகு ஜோடித்த கதை" என்று வாதாடுவார்கள். மோதிய வண்டி எது என்று தெரிந்தால் அங்கேயே சொல்லுங்கள். தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத வாகனம் மோதியது" என்று சொல்லுங்கள். நடக்காததைச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று, காயச் சான்றிதழ். அதில் சாதாரணக் காயமா, கொடுங்காயமா என்று டாக்டர் குறிப்பிடுவார். எலும்பு முறிவு, மூட்டு விலகல், பல் உடைவது எல்லாமே சட்டப்படி கொடுங்காயம். எக்ஸ்ரே எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டு, நாலு நாள் கழித்து எலும்பு முறிவு தெரிந்தால், அதே மருத்துவமனைக்குத் திரும்பப் போய்ப் பதிவு செய்யுங்கள். நாட்டுக்கட்டு போட்டுக்கொள்வது உங்கள் விருப்பம். எக்ஸ்ரேவும் ரிப்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.

எந்த ஸ்டேஷனுக்குப் போவது?

சென்னையில் விபத்து வழக்குகளைப் பார்ப்பது போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே அனுப்பிவிடுவார்கள். செங்குன்றம், மீஞ்சூர் பக்கம் நடந்தால் அது ஆவடி ஆணையரகத்தின் எல்லை. எல்லை பற்றிக் கவலைப்படாதீர்கள். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

இங்கே கவனமாக இருங்கள். புகார் கொடுத்தவுடன் ஒரு ரசீது தருவார்கள், சி.எஸ்.ஆர். என்று பெயர். புதிதாக வந்தவர்கள் பலர் அதையே வழக்கு என்று நினைத்து பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டுமே. காயம் ஏற்பட்ட விபத்துக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். பதிய மறுத்தால், எழுத்து மூலமாகத் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

புகாரில் வண்டி நம்பர் எழுதும்போது வடசென்னைக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர் உரசி ஒருவர் விழுந்தார். அவருடைய தம்பி அவசரமாக ஒரு நம்பரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். பார்த்தால் நான்கு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். அது கன்டெய்னர் பெட்டியின் எண். இன்று ஒரு லாரியில் இருக்கும் பெட்டி நாளை கப்பலில் இருக்கும். சட்டத்துக்குத் தேவை, முன்னால் இழுக்கும் வண்டியின் பதிவு எண். பின்னால் உள்ள டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி எண் மட்டும் கிடைத்தாலும் தூக்கி எறியாதீர்கள். எந்த வண்டி ஏற்றிப் போனது என்று தேடிப் பிடிக்க அது உதவும். வண்டி நம்பர் கிடைத்தால் எம்பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

அக்கம்பக்கத்துக் கடைகளின் சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்து, புதிது ஏறிவிடும். அன்றைக்கே கடைக்காரரிடம் சொல்லி வைத்து, போலீஸுக்கும் எழுதிக் கொடுங்கள். சாட்சி சொன்னால் சிக்கல் வருமோ என்று தயங்குபவர்களிடம், அடிபட்டவருக்கு உதவியவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

"இங்கேயே பேசி முடிச்சுக்கலாம்"

இந்தப் பேச்சு கட்டாயம் வரும். ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள் நடுவில் நிற்பார்கள், நல்ல மனதோடுதான் பேசுவார்கள். பம்பர் நசுங்கியது, கண்ணாடி உடைந்தது என்றால் பேசி முடித்து, ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் யாருக்காவது உடம்பில் அடி என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு 5,000 வாங்கிக்கொண்டு, மறு வாரம் முட்டியில் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால் அந்த 5,000 எதற்கு ஆகும்? மரியாதையாக, "அண்ணே, ஆஸ்பத்திரியில காட்டிட்டு அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வண்டி ஓட்டியது நீங்கள் என்றால்?

நிற்க வேண்டும், அடிபட்டவருக்கு உதவ வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். கூட்டம் அடிக்க வருகிறது என்றால் அந்த இடத்தில் நிற்கச் சட்டமே கட்டாயப்படுத்தவில்லை. நேராக அருகிலுள்ள ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட அவர்கள் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும் முன் வண்டியை ரிப்பேருக்கு விடாதீர்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று எல்லோரும் சொல்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் சோதித்த பிறகு வண்டி திரும்பக் கிடைக்கும்.

கவனக்குறைவாக ஓட்டிய வழக்கு பி.என்.எஸ். என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 281-ஆவது பிரிவு, காயம் என்றால் 125, மரணம் என்றால் 106(1). மூன்றுமே ஜாமீன் கிடைக்கக்கூடிய பிரிவுகள்தான், பயந்து தலைமறைவாக வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டின் நகலைக் கொடுங்கள். வழக்கு முடியாமல் ஊருக்குப் போக வேண்டியிருந்தால் முன்கூட்டியே வக்கீலிடம் பேசுங்கள்.

ஓட்டுநர் உரிமம் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பு உரிமமோ கோலாலம்பூர் உரிமமோ மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்டாதீர்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்து வாருங்கள், அது ஓராண்டுக்குத்தான். தங்கப்போகிறீர்கள் என்றால் இங்கேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உரிமம் எடுத்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் மோதினால், அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாகலாம்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவருக்கு அடிபட்டால், அந்த பைக்குக்கு எடுத்த வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் (வெளியாருக்கு நேரும் இழப்பை மட்டும் ஈடு செய்வது) அவருக்குப் பணம் வராது. முழு பாலிசி இருந்தால்தான் வரும். புதிதாக பைக் வாங்கும்போது பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

எவ்வளவு கிடைக்கும், எங்கே கேட்பது?

சென்னையில் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இயங்குகிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கலாம். வழக்குக்கு எம்.சி.ஓ.பி. என்று பெயர். விபத்து வேறு ஊரில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்தில் உள்ள தீர்ப்பாயத்திலேயே போடலாம். 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் இருக்கிறது. இந்தக் கெடு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதனால் தாமதமானவர்களும் முயற்சியைக் கைவிட வேண்டாம், ஆனால் தாமதிக்கவும் வேண்டாம்.

தொகை நீதிபதியின் மனம்போல வருவதில்லை, அதற்குக் கணக்கு உண்டு. 34 வயது, மாதம் ₹20,000 சம்பாதிக்கும் சொந்தத் தொழில்காரர் ஒருவர் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா அவரை நம்பி இருக்கிறார்கள் என்று வையுங்கள். எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 28,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. இதை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள், அந்த வயதுக்கான பெருக்கு எண் 16. ஆக ₹40,32,000, அதோடு ஈமச் செலவு, வாழ்க்கைத்துணையை இழந்தது போன்றவற்றுக்குத் தனித் தொகை. 2009, 2017 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வகுத்த முறை இது. வருமானத்துக்கு ஆதாரம் எவ்வளவு முக்கியம் என்று இதிலேயே தெரியும். மாதம் 20,000 என்பதைக் காட்ட முடியாமல் 10,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால் குடும்பத்துக்குப் பாதி போய்விடும். கையில் சம்பளம் வாங்குபவராக இருந்தாலும் முதலாளியிடம் ஒரு கடிதமாவது வாங்கி வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகவாவது வங்கியில் போட்டு வையுங்கள்.

யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவில் மரணத்துக்கு ₹5 லட்சம், கொடுங்காயத்துக்கு ₹2.5 லட்சம் வாங்கலாம். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் 166-இல் போட்ட வழக்கு முடிந்துவிடும், யோசித்து முடிவெடுங்கள். இடித்துவிட்டு ஓடிய வண்டி கடைசி வரை கிடைக்காவிட்டால் மரணத்துக்கு ₹2 லட்சம், கொடுங்காயத்துக்கு ₹50,000 உண்டு. இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம், வருவாய்த் துறையில் விண்ணப்பிக்க வேண்டும்.

எம்.டி.சி. பேருந்து மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனியைத் தேடாதீர்கள். மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மீதே வழக்கு போட வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் கட்டாமல் பேருந்தை ஜப்தி செய்த செய்திகளை நீங்களே பேப்பரில் படிக்கப் போகிறீர்கள். தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லிக் கேட்கும் நிறைவேற்று மனு போட்டால் பணம் வரும், பொறுமை வேண்டும்.

வக்கீல் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து "எல்லாம் நாங்க பார்த்துக்கறோம், இங்க கையெழுத்து போடுங்க" என்று வெற்றுத் தாளை நீட்டுகிற புரோக்கர்களை அனுப்பிவிடுங்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிக்கவில்லை. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100-க்கு அழைத்துக் கேளுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசி முடித்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் அதன் மேல் அப்பீல் கிடையாது. தொகையை மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். தீர்ப்பாயத்தின் தீர்ப்பு குறைவாகத் தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பணம் வரும்போது உரியவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். பிள்ளைகளின் பங்கை 18 வயது வரை வைப்புத்தொகையாகப் போடச் சொல்வார்கள். கணவரை இழந்த பெண்ணுக்குத் தனிக் கணக்கு இல்லையென்றால் வழக்கு நடக்கும்போதே தொடங்கிக் கொடுங்கள். பாஸ்புக் அவர் கையில் இருக்கட்டும்.